பாடத்தில் இல்லாத வலி

பிளஸ் டூ விலங்கியல் புத்தகத்தில் மனித இனப்பெருக்கம் பற்றிய பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே எல்லாமே ஒழுங்காக நடக்கும். 28 நாள் சுழற்சி, 14-ம் நாள் வாக்கில் சினைப்பையிலிருந்து வெளிவரும் கருமுட்டை, கருக்குழாயில் அது விந்தணுவைச் சந்திப்பது... படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண்! ('இதை நீங்களே படிச்சுக்குங்க' என்று சில டீச்சர்கள் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவது தனிக் கதை.)

அந்தப் படத்தில் விட்டுப்போன ஒன்று, வலி. அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு புத்தகத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ஹிலாரி மேன்டல் என்ற ஆங்கில எழுத்தாளர் 2003-ல் வெளியிட்ட 'கிவிங் அப் தி கோஸ்ட்' என்ற நினைவுக் குறிப்பு அது. 2009, 2012 என இரண்டு முறை புக்கர் பரிசு வாங்கியவர். 2022-ல், 70 வயதில் காலமானார்.

சட்டம் படித்துக்கொண்டிருந்த இளம் வயதில் அவருக்கு வயிற்றிலும் காலிலும் தாங்க முடியாத வலி. டாக்டர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மனசுதான் காரணம் என்று முடிவு கட்டி, மனநோய்க்கான மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் எழுதுவதையே நிறுத்தச் சொன்னார்! பிறகு கணவரோடு ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவுக்குப் போனவர், அங்கே ஒரு மருத்துவப் புத்தகத்தைப் படித்துத் தன் நோயைத் தானே கண்டுபிடித்தார்: எண்டோமெட்ரியோசிஸ். லண்டனில் அறுவை சிகிச்சை நடந்தபோது அவருக்கு 27 வயது. கருப்பை, சினைப்பை எல்லாம் போயின. பிறக்காத மகளுக்கு ஒரு பெயர் வைத்து, அவளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

இப்போது பாடத்துக்கு வருவோம். கருப்பையின் உட்சவ்வு மாதாமாதம் தடித்து, கரு தங்காவிட்டால் உதிரப்போக்காக வெளியேறும். இது புத்தகத்திலேயே இருக்கிறது. அதே மாதிரி திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பை மேலேயோ குடல் ஓரத்திலோ வளர்ந்தால்? அதுவும் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு மாதாமாதம் கசியும். கசிந்தது வெளியேற வழி கிடையாது. புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிலருக்குக் கருத்தரிப்பதே சிரமமாகிவிடும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொஞ்சநஞ்சமா?

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? "எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ." மீறிப் புலம்பினால், "கல்யாணமாகி ஒரு குழந்தை பொறந்தா சரியாப் போயிடும்." இந்த இரண்டாவது வைத்தியம் சுத்த அபத்தம். பிரசவம் இந்த நோய்க்கு மருந்தே அல்ல. கல்யாணமாகாத பெண்ணை லேடி டாக்டரிடம் கூட்டிப்போனால் நாலு பேர் ஒரு மாதிரி பேசுவார்களே என்ற பயம் வேறு. அந்த நாலு பேரா ராத்திரி முழுக்கச் சுருண்டு படுத்திருக்கிறார்கள்?

மேன்டலின் கதையைக் கேட்டு யாரும் அரண்டுபோக வேண்டாம். இந்த நோய் இருந்தும் எத்தனையோ பெண்கள் தாயாகியிருக்கிறார்கள். கருப்பையை எடுப்பது எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை. மாத்திரை, ஹார்மோன், லேப்ராஸ்கோப்பி என்று வழிகள் உண்டு. சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

உயிரியல் டீச்சர்கள் அந்தப் படத்தை வரைவதற்கு முன் இவர் கதையைப் பத்து நிமிஷம் சொல்லட்டுமே! பையன்களும் உட்கார்ந்து கேட்கட்டும், நாளைய கணவர்கள்தானே! அம்மாக்கள் மகளிடம் ஒரு சின்ன நோட்டைக் கொடுங்கள். பள்ளிக்கே போக முடியாத வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, மாதவிலக்கு முடிந்த பிறகும் விடாத அடிவயிற்று வலி... எது வந்தாலும் தேதி போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதக் குறிப்போடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் வலி தொடர்ந்தால், "எண்டோமெட்ரியோசிஸா இருக்குமா டாக்டர்?" என்று வாய்விட்டே கேளுங்கள்.