இருபத்தொன்பது ஆண்டுகள் வாசித்த பாணி

கண்ணொளி இல்லாத ஒருவர் இசையில் வல்லவராயின், ஒரு புலனைப் பறித்த இயற்கை மறுபுலனை இரட்டித்துக் கொடுத்துவிட்டது என்று கூறி நாம் அமைதியடைந்துவிடுகிறோம். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயினும் அம்மனிதர் பட்ட பாட்டையெல்லாம் அது மறைத்துவிடுகிறது. சென்ற நூற்றாண்டின் பெயர்பெற்ற ஜாஸ் பியானோக் கலைஞராகிய ஜோர்ஜ் ஷியரிங்கின் வரலாற்றைப் படிக்குந்தோறும் எனக்கு இவ்வெண்ணமே மேலோங்குகின்றது.

1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள், இலண்டன் மாநகரின் பற்றர்சீ என்னும் தொழிலாளர் பகுதியில் அவர் பிறந்தார். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒன்பது பிள்ளைகளிற் கடைக்குட்டி. தந்தையார் நிலக்கரி விநியோகித்தவர். தாயார் பகலிற் பிள்ளைகளைப் பராமரித்து, இரவிற் புகையிரதப் பெட்டிகளைக் கழுவித் துடைத்தவர். மூன்று வயதிலேயே பியானோக் கட்டைகளைத் தட்டத் தொடங்கிய சிறுவன், பின்னர் லிண்டன் லொட்ஜ் என்னும் விழிப்புலனற்றோர் பாடசாலையில் முறையாக இசை பயின்றான்.

அப்பயிற்சி எத்தகையது என்பதை வாசகர்கள் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆறு புள்ளிகளால் எழுத்தமைத்த லூயி பிறெயில், தாமே பாரிஸ் நகரத் தேவாலயங்களில் ஓர்கன் வாசித்தவர். 1829இல் தமது முறையை வெளியிட்டபோதே இசைக்கும் அதில் இடம் வைத்திருந்தார். ஆனால், விரலால் வாசிக்கவேண்டிய இசையை விரலாலேயே படிக்கவும் வேண்டியிருக்கிறது! ஒரு கை புள்ளிகளைத் தடவும்போது மறுகை மட்டுமே கட்டைகளின் மீது இருக்கலாம். பின்னர் கைகளை மாற்றி மற்றைப் பகுதியைக் கற்று, இரண்டையும் மனத்திலே பொருத்திக்கொள்ளல் வேண்டும். ஏனையோர் தாளை முன்வைத்து வாசிக்கும் உருப்படிகளை, இவர் முற்றும் நெட்டுருப் பண்ணிய பின்னரே மேடையேறலாம். இயற்கை தந்த இலவசக் கொடையென்று இதனை எங்ஙனம் சொல்வது?

மேற்படிப்புக்கான புலமைப் பரிசில்கள் அவரைத் தேடி வந்தன. அவற்றை மறுத்து, லம்பெத் பகுதியிலுள்ள மதுச்சாலையொன்றில் வாரம் 25 ஷிலிங்குக்குப் பியானோ வாசிக்கச் சென்றார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் யான் இதனைப் பாராட்டலாகாது. ஆனால், ஒன்பது பிள்ளைகள் வளர்ந்த ஏழை வீட்டிலே அந்த 25 ஷிலிங்கின் பெறுமதியை நான் எப்படி அளப்பேன்? 1937 அளவில், பார்வையற்றோரை மட்டுமே கொண்டிருந்த குளோட் பம்ப்டனின் இசைக்குழுவிற் சேர்ந்தார். ரெடி வில்சன், பற்ஸ் வோலர் முதலிய அமெரிக்க மேதைகளின் இசைத்தட்டுக்களைக் கேட்டுக்கேட்டு அவர்களுடைய நுட்பங்களைத் தமதாக்கிக் கொண்டார். "மெலடி மேக்கர்" பத்திரிகையின் வாக்கெடுப்பில் ஏழாண்டுகள் தொடர்ந்து முதலிடம் அவருக்கே கிடைத்தது.

1947இல் நியூயோர்க்கிற் குடியேறியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. எவர்களைப் போல வாசித்து இலண்டனிற் புகழ் பெற்றாரோ, அவர்கள் வாழ்ந்த நாடு அது. மூலம் இருக்குமிடத்தில் நகலுக்கு என்ன மதிப்பு? இராக்கேளிக்கை விடுதிகளில், பிரதான கலைஞர்கள் இளைப்பாறும் இடைவேளையிலே வாசிக்கும் நிலையிலிருந்து அவர் மீண்டும் தொடங்கினார்.

1949இல் ஐவர் குழு அமைந்தது. மார்ஜரி ஹையம்ஸ் என்னும் பெண்மணி வைபிரபோன். சக் வெயின் கிற்றார். ஜோன் லெவி, டென்சில் பெஸ்ற் என்னும் கறுப்பினத்தவர் இருவர் முறையே பேஸ் வாத்தியமும் முரசும். நிறபேதம் தலைவிரித்தாடிய அந்நாளில் இச்சேர்க்கை எளிய காரியமன்று.

நமது சங்கீதத்தில் ஒரு வேளையில் ஒரு சுரமே செல்லும். மேனாட்டார் பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பர். ஷியரிங்கின் முறையில் இரு கைகளும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டனபோல அருகருகே நின்று, பாட்டின் ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு சுரக்கூட்டத்தையே நகர்த்திச் செல்லும். அதன் மேல்வரியை வைபிரபோனும் கீழ்வரியைக் கிற்றாரும் உடனொலிக்கும். கட்டைகளைக் காணாதவருக்குக் கைகள் அருகருகே இருப்பது வசதி என்று சிலர் விளக்கங் கூறக்கூடும். அது பொருந்தாது. அவருக்கு முன்னரே இம்முறையைக் கையாண்ட மில்ற் பக்னர் பார்வையுள்ளவர். பார்வை மிகக் குன்றிய ஆர்ட் ரேற்றமோ கட்டைகளின் இருகோடியும் புயல்போற் பாய்ந்து வாசித்தவர்.

அவ்வாண்டிலே பதிவான "செப்டெம்பர் இன் த றெயின்" ஏறத்தாழ 9 இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. 1952இல், நியூயோர்க்கின் பேர்ட்லன்ட் விடுதிக்காகப் பத்தே நிமிடங்களில் இயற்றிய "லலபை ஒவ் பேர்ட்லன்ட்" உலகெங்கும் பரவியது. தாம் இயற்றிய முந்நூறு உருப்படிகளில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது மறதியில் மூழ்கின, மிஞ்சியது இதுவே என்று மேடையில் வேடிக்கையாகச் சொல்வது அவர் வழக்கம். பிறந்தது முதலே பார்வை இல்லையா என்று வினவியவருக்கு, "வாழ்நாள் இன்னும் முடியவில்லையே" என்ற கருத்திற் பதிலிறுத்ததாகவும் சொல்லப்படுகிறது. இரக்கத்தை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் நகைச்சுவை!

எனினும் அவர் வாழ்விலே என்னை மிகவும் கவர்ந்தது இப்புகழன்று. மக்கள் விரும்பிய அந்த ஒலி அவருக்குச் சோறும் வீடும் தந்தது, அதுவே சிறையுமாயிற்று. எந்த ஊருக்குச் சென்றாலும் அதே பாணி, அதே பாட்டுக்கள். இறுதி ஐந்தாண்டுகளில் தாம் இயந்திரம்போலவே வாசித்ததாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். பார்வையற்ற ஒருவர், நிச்சயமான வருமானத்தை அறுபதை அணுகும் வயதிலே கைவிடுவாரா? 1978இல் ஷியரிங் கைவிட்டார். இருபத்தொன்பது ஆண்டுகள் நடத்திய குழுவைக் கலைத்து, பேஸ் வாத்தியக்காரர் ஒருவரை மாத்திரம் துணைக்கொண்டு, மறைவதற்கு இடமில்லாத மேடையில் அமர்ந்தார்.

அதன் பின்னரும் கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் வாசித்தார். பாடகர் மெல் ரோமேயுடன் சேர்ந்து செய்த இசைத்தட்டுக்களுக்கு 1983இலும் 1984இலும் கிராமி விருதுகள் கிடைத்தன. விருதைப் பெற்றவர் பாடகரே. பக்கத்தில் அமர்ந்து பாதிப் பாட்டைத் தம் விரல்களாற் பாடியவருக்கு இல்லை. 2004இல் வீட்டில் விழுந்து காயமுற்றபின் மேடைக் கச்சேரிகள் நின்றன. 2007இல் பிரித்தானிய அரசியார் 'சேர்' பட்டம் வழங்கினார். நிலக்கரி சுமந்தவரின் மகன் சேர் ஜோர்ஜ் ஷியரிங்காக 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் நியூயோர்க்கிலே காலமானார். வயது 91.