எகிறினால் போதுமா?



"உயரம் பத்தாது, ஓரமா நில்லு." எங்க ஊர் இரும்பையில் வாலிபால் ஆடப் போன முதல் நாள் கிடைத்த வரவேற்பு இது. ஆண்கள் வலை 2.43 மீட்டர், நானோ 1.65.

ரோஷத்தில் தினமும் சிமெண்ட் களத்தில் நூறு தடவை எகிறினேன். மூணாவது வாரம் முட்டியில் வலி. படி ஏற முடியல. கூலி வேலை முடித்து வந்த அம்மா தைலம் தேய்த்துக்கொண்டே, "படிக்கத்தானேடா அனுப்பினேன்" என்றார்.

நம் மெக்கானிக்ஸ் கணக்குப்படி, 60 செ.மீ. எகிறுபவன் ஏறி இறங்க சுமார் 0.7 விநாடி. ஏறக் கொடுத்த சக்தியை இறங்கும்போது கால்தான் வாங்கணும். வளரும் வயசில் அதற்கு மண்தரை வேணும், முட்டியை மடக்கி இறங்கும் பழக்கம் வேணும், ஓய்வும் வேணும்.

1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற நம் அணியின் ஜிம்மி ஜார்ஜை, அந்தரத்தில் நின்று அடிப்பவர் என்பார்கள். அந்த ஆசை நமக்கும் உண்டு. ஆனால் எகிறச் சொல்பவர்கள் இறங்கவும் சொல்லித் தரவேண்டும் என்பதே என் கருத்து.

இப்போ வாரம் மூணு நாள், செம்மண்ணில்தான் எகிறுகிறேன். விரல் வலையைத் தாண்டுது. நம் ஆடுகளத்துக்கும் நாலு லோடு மண் கேட்போமா, தோழர்களே?