தாடையில்லா முன்னோர்

லேக் கார்டன்ஸ் மீன் சந்தையில் ரூய், காத்லா, இலிஷ் எனப் பலவகை மீன்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவை யாவும் வாயைத் திறந்து மூடுவதற்குத் தாடை உடையவை. ஆனால், உலகில் முதலில் தோன்றிய மீன்களுக்குத் தாடை இல்லை. 'தாடை இல்லாமையால் அவை தாழ்ந்தவை. தாடையுள்ள மீன்களிடம் தோற்று அழிந்தவை' என்று பலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அக்கூற்று பொருத்தமற்றது என்பதே என் கருத்து.

முதலில் அவை நமக்கு அளித்தவற்றைக் காண்போம். சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கிடைத்த ஹைகௌஇக்திஸ் என்னும் சிறு மீனின் புதைபடிவம் 1999ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 52 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது, உங்கள் கட்டைவிரலைவிடச் சிறியதாகவே இருக்கும். அதற்கு எலும்பு இல்லை. ஆயினும் தலையும் முதுகுத்தண்டின் தொடக்கமும் இருந்தன. பின்னர்த் தோன்றிய தாடையற்ற மீன்களின் உடலை எலும்பாலான ஓடு கவசம்போல் மூடியிருந்தது. அதனால் அறிவியலார் அவற்றை 'ஓட்டுத்தோல் மீன்கள்' என்னும் பொருளில் ஆஸ்ட்ரகோடெர்ம் என்று அழைத்தனர். அவற்றுள் சிலவற்றிற்கு மார்புப் பக்கம் ஓர் இணைத் துடுப்புகளும் அமைந்தன. நாம் எழுதுகோல் பிடிக்கும் கைகள் அத்தகைய துடுப்புகளின் வழிவந்தவையே.

இனி, அவை தோற்றனவா என்று பார்ப்போம். தாடையுள்ள மீன்கள் தோன்றியவுடன் இவை மறைந்துவிடவில்லை. இரண்டும் ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஒரே உலகில் சேர்ந்து வாழ்ந்தன. மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே! டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில் கடல்வாழ் உயிர்களுக்குப் பேரழிவுகள் நேர்ந்தன. ஓட்டுத்தோல் மீன்கள் அக்காலத்தில் மறைந்தன. ஆனால், வலிய தாடை கொண்ட டங்கிளியோஸ்டியஸ் போன்ற பெருமீன்களும் அக்காலம் முடிவதற்குள் அழிந்துபோயின. தாடை அவற்றைக் காக்கவில்லை. மாறாக, தாடையற்ற லாம்ப்ரேயும் ஹாக் மீனும் இன்றும் கடலில் வாழ்கின்றன. எனவே, அழிவை மட்டும் கொண்டு ஓர் உயிரினத்தின் தகுதியை அளப்பது முறையன்று.

சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் சிவாலிக் மலைப் பகுதியின் பழங்கால விலங்குகளுடைய புதைபடிவங்களைக் காணலாம். அங்குள்ள பெரிய எலும்புகளைக் கண்டு வியக்கும்போது ஒன்றை நினைவிற்கொள்ளுங்கள்: எலும்பு என்னும் செல்வத்தை முதலில் தேடித் தந்தவை அச்சிறிய, தாடையற்ற மீன்களே.

சிந்தித்து எழுதுக

1. ஆஸ்ட்ரகோடெர்ம் மீன்கள் அப்பெயர் பெற்ற காரணம் யாது?
2. 'அழிந்தவை எல்லாம் தாழ்ந்தவை அல்ல' – இக்கருத்தை ஆசிரியர் எவ்வாறு நிறுவுகிறார்? நீங்கள் உடன்படுகிறீர்களா? காரணம் தருக.