மோட்டார் விளக்கை நீங்களே மாற்றப் போகிறீர்களா? வெளிச்சம் கூடினால் மட்டும் போதாது

இணையக் கடையில் எல்இடி பல்ப் ஒன்று சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. பழைய பல்பைக் கழற்றி, புதியதைச் செருகினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வீட்டுச் சுவரில் வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். "செம்ம பிரைட்டா இருக்கு" என்று நண்பர்களும் சொல்வார்கள்.

ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டே நீங்கள் ஓட்டப் போவதில்லை. மழை பெய்யும் இரவில், எதிரே இன்னொரு கப்சாய் வரும் சாலையில்தான் ஓட்டப் போகிறீர்கள்.

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பகலிலும் மோட்டாரின் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992-இலேயே வந்துவிட்டது. மற்றவர்கள் கண்ணில் நீங்கள் பட வேண்டும் என்பதுதான் காரணம். எனவே நல்ல விளக்கு வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. தோட்டச் சாலையில் மங்கலான மஞ்சள் வெளிச்சத்தோடு போனவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

சரி, பல்பை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

பல கப்சாய்களில் இருப்பது 35 வாட் ஹாலஜன் பல்ப். அதன் உள்ளே மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருக்கும். விளக்கின் ரிஃப்லெக்டர் அந்த இடத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எச்எஸ்1 வகை பல்பில் லோ பீம் இழைக்குக் கீழே சின்ன உலோக மறைப்பும் உண்டு. வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமல் தடுப்பது அதுதான்.

எல்இடி பல்பில் இழை கிடையாது. பக்கவாட்டில் சில்லுகள் ஒட்டியிருக்கும். அவை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒளி சிதறிவிடும். சக்கரத்துக்கு முன்னால் தரை பளபளக்கும், ஆனால் 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் பள்ளம் தெரியாது. அருகில் அதிக வெளிச்சம் இருந்தால் கண் அதற்குப் பழகி, தூரம் இன்னும் இருட்டாகத் தோன்றும். நீலம் கலந்த வெள்ளை ஒளி என்றால் மழையில் கூச்சம் வேறு சேர்ந்துகொள்ளும்.

ஜெர்மனியில் 2020-இல்தான் முதன்முறையாக ஹாலஜனுக்கு மாற்றாக எல்இடி பல்பை அனுமதித்தார்கள். அதுவும் எல்லா வண்டிக்கும் இல்லை, சோதித்துப் பார்த்த விளக்குகளுக்கு மட்டும். பல்ப் வேறு, விளக்கு வேறு என்று அவர்கள் பார்க்கவில்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

காசு செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். மங்கிப்போன கண்ணாடியைத் துடையுங்கள். சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி மோட்டாரை நிறுத்தி, நீங்கள் மேலே உட்கார்ந்துகொள்ளுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிட 10 முதல் 20 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின்னால் ஆள் ஏற்றுபவர் என்றால் அவரையும் உட்கார வைத்துச் சோதியுங்கள். பாரம் கூடினால் வால் தாழ்ந்து வெளிச்சம் மேலே போகும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடலாம்.

கூடுதல் ஸ்பாட்லைட் போடுவோர் மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். என் தம்பி இரண்டு விளக்கை மாட்டினான். சில வாரத்தில் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை. உதைத்துத்தான் கிளப்ப வேண்டியிருந்தது. சின்ன எஞ்சின் உற்பத்தி செய்யும் மின்சாரம் கொஞ்சம்தான், பேட்டரியும் சின்னது. மெல்லிய ஒயரை நடுவில் வெட்டி டேப் சுற்றுவதும் ஆபத்து. தனி ஒயர், ரிலே, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், இந்த மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள்.

சட்டம்? 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959 மோட்டார் வாகன விதிமுறைகளும் இங்கே பொருந்தும். விதிக்குப் பொருந்தாத விளக்குக்கு முதல் தடவையே 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை விதிக்க முடியும். பின்விளக்கில் கறுப்புப் படலம் ஒட்டுவோரும் கவனிக்க: பின்னால் வரும் லாரிக்கு உங்களைக் காட்டுவது அந்த ஒரு விளக்குதான்.

வீட்டிலேயே செய்யும் பாகங்களுக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றே: ஓடும்போது இது உடைந்தால் என்ன ஆகும்? கைப்பேசி ஸ்டாண்ட், பை மாட்டும் கொக்கி போன்றவை உடைந்தால் பொருள் போகும், அவ்வளவுதான். அதையும் 3டி அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் செய்யாதீர்கள். 60 டிகிரி வாக்கில் அது இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் நிறுத்திய கறுப்பு மோட்டார் அந்தச் சூட்டை எட்டக்கூடும். கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், ஹேண்டில் கிளாம்ப் ஆகியவை உடைந்தால் விழுவது நீங்கள். அவற்றைக் கடையில் அசல் பாகமாகவே வாங்குங்கள்.