அவரிடமே கேளுங்கள்



மனநோய் வைத்தியசாலையில் இருக்கும் உறவினரைப் பற்றிக் கேட்டால், "இப்போது சத்தம் போடுவதில்லை" என்கிறோம். அது நமது நிம்மதி. அவருக்கு வாழ்வு எப்படியிருக்கிறது?

இதை அளப்பதற்கென உலக சுகாதார நிறுவனம் 1990களில் 26 கேள்விகள் கொண்ட படிவமொன்றைத் தயாரித்தது. உடல், உள்ளம், உறவு, சூழல் என அதில் நான்கு பகுதிகள். நித்திரை திருப்தியா? வாழ்வில் அர்த்தம் தெரிகிறதா? உறவுகள் எப்படி? விடை சொல்ல வேண்டியவர் நோயாளியே.

1354இல் ஹலப் நகரில் அமைந்த அர்கூன் மாரிஸ்தானில், மனநோயாளரின் அறைகள் சூழ்ந்த முற்றத்தில் நீர்த்தடாகம் வைத்தார்கள் நம் முன்னோர். சூழலும் மருந்தே என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மருந்தையும் கட்டிலையும் வைத்தியசாலை தரும். உறவை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மகளின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று அங்கொடைப் பக்கமே போகாத வீடுகள் உண்டு. நோயாளியைச் சுகம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்யும் கடமை என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மனநோயாளிக்கு அதில் விலக்கில்லை.

இம்மாதம் போய்ப் பாருங்கள். தாதியிடம் விசாரிக்குமுன், "எப்படி இருக்கிறீங்க?" என்று அவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.