மகளைப் படமெடுக்க வாங்கிய கேமரா

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு காலை நேரத்துக் கூட்டத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஓரமாகப் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா கூப்பிட்டார். "தம்பி, என் மூஞ்சி அதுல விழுந்துச்சா? விழுந்திருந்தா அழிச்சிருப்பா. நான் இங்க உக்காந்து விக்கிறது ஊர்ல தெரியாது." அழித்துவிட்டேன். 'நல்ல ஷாட் போச்சே' என்றும் தோன்றியது. பொய் சொல்வானேன்!

அந்த வாரம்தான் 'கேமரா பஃப்' பார்த்தேன். 1979-ல் வந்த போலந்து படம். போலந்து சினிமா என்றால் விஷயம் தெரிந்தவர்கள் ஆந்த்ரே வய்தாவில் தொடங்கச் சொல்வார்கள். 2015-ல் ஆஸ்கர் வாங்கிய 'இடா'வைச் சொல்பவர்களும் உண்டு. கையில் செல்போன் இருப்பவர்களுக்கு நான் சொல்வது கிறிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி இயக்கிய இந்தப் படத்தைத்தான்.

பிலிப், சின்ன ஊரில் ஒரு தொழிற்சாலை ஊழியர். பிறக்கப்போகும் குழந்தையைப் படமெடுக்க 8 எம்.எம். கேமரா வாங்குகிறார். 'கேமரா வெச்சிருக்கியாமே' என்று மேலதிகாரி ஆலையின் 25-வது ஆண்டு விழாவை எடுக்கச் சொல்கிறார். அங்கே தொற்றுகிறது பித்து.

உயரம் குறைந்த ஒரு தொழிலாளியைப் பற்றி பிலிப் எடுக்கும் படம் டி.வி.யில் வருகிறது. அதைப் பார்த்து அந்த மனிதர் நெகிழ்ந்து அழும் இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் இன்னொரு படம் ஒளிபரப்பானதும், பிலிப்புக்கு ஆரம்பம் முதல் துணைநின்ற மூத்தவரின் வேலை போகிறது. பிலிப் எடுத்ததில் பொய் எதுவும் இல்லை. சிக்கலே அதுதான். மனைவி வீட்டை விட்டுப் போகும்போதுகூட, விரல்களால் ஃப்ரேம் கட்டி அவளைப் பார்க்கிறார் மனிதர்!

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. கீஸ்லோவ்ஸ்கி முதலில் ஆவணப்பட இயக்குநர். வார்சாவின் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 'ஸ்டேஷன்' என்ற குறும்படத்துக்காக ராத்திரிகளில் கேமராவோடு நின்றார். திடீரென்று போலீஸ் வந்து அவர் எடுத்த ஃபிலிமையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. தாயைக் கொன்று, உடலைப் பெட்டிகளில் அடைத்து, அதே நிலையத்தின் லாக்கரில் வைத்த ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபிலிமில் அவள் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவரால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் தற்செயலாக ஃப்ரேமுக்குள் நடந்திருந்தால்? தனக்கே தெரியாமல் போலீஸுக்கு ஆள்காட்டி ஆகியிருப்போமே என்று யோசித்தார். மெல்ல ஆவணப்படத்தை விட்டு விலகி, நடிகர்களை வைத்துக் கதை சொல்லப் போனார். பத்துப் படங்கள் கொண்ட 'டெக்கலாக்' அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

'கேமரா பஃப்' இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான். சப்டைட்டிலோடு பாருங்கள். கடைசிக் காட்சியில் பிலிப் கேமராவை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை.