படச்சட்டத்துக்கு வெளியே நிற்கும் சென்னை

சென்னை உயர் நீதிமன்றத்தைப் படமெடுக்க விரும்புபவர் சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று காத்திருப்பதைப் பலமுறை காணலாம். பேருந்து கடந்து செல்ல வேண்டும். ஆட்டோ விலக வேண்டும். இளநீர் வண்டிக்காரர் சற்று நகர வேண்டும். எல்லாம் அகன்று செந்நிறக் கட்டடம் மட்டும் எஞ்சும் நொடியில் அவர் பொத்தானை அழுத்துகிறார். கட்டடம் கிடைத்துவிடுகிறது, நகரம் நழுவிவிடுகிறது.

1892இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகை நாளையும் அங்கேதான் இருக்கும். அதன் படங்கள் அஞ்சலட்டைகளிலும் நூல்களிலும் நிறைந்து கிடக்கின்றன. ஆனால், காத்திருந்து விலக்கப்பட்ட அந்தப் பேருந்தின் வண்ணமும் நெற்றிப்பலகையும் படிக்கட்டில் நிற்போரின் உடையும் இருபது ஆண்டுகளில் மாறிவிடும். எது விரைவில் மறையுமோ அதை விலக்கிவிட்டு, எது நிலைத்திருக்குமோ அதையே மீண்டும் மீண்டும் எடுக்கிறோம். தொன்மையான நகரமொன்றைப் படமெடுப்பதில் நாம் கைக்கொண்டுள்ள முறை தலைகீழானது என்பதே என் கருத்து.

இவ்வழக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1838இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாகெர், பாரிசு நகரின் தெரு ஒன்றைத் தம் சாளரத்திலிருந்து படமெடுத்தார். அன்றைய தொழில்நுட்பத்தில் ஒரு படம் பதிவாகச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. வண்டிகளும் மனிதர்களும் நிறைந்திருந்த அத்தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்தவை எவையும் பதிவாகவில்லை. ஓரத்தில் ஒரே ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். காலணிக்கு மெருகிடுவதற்காக அவர் அசையாமல் நின்றிருக்கிறார். மெருகிட்ட தொழிலாளியோ வேலையில் அசைந்துகொண்டே இருந்ததால் மங்கலான நிழலாக எஞ்சியுள்ளார். நின்றவர் பதிவானார், உழைத்தவர் கலைந்துபோனார்.

தமிழகத்திலும் இதே நிலைதான். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டையொட்டி மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் ஆகிய ஊர்களில் எடுத்த படங்கள் வியக்கத்தக்க செம்மை உடையவை. தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அடுத்தடுத்து எடுத்து, இருபத்தொரு படங்களை ஒன்றாக இணைத்து நீண்ட சுருளாக்கினார். வரலாற்றுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. எனினும், அவருடைய கோவில்களிலும் மண்டபங்களிலும் மக்களைக் காண்பது அரிது. அன்று மனிதரை மறைத்ததில் கருவிக்கும் பங்கு இருந்தது. இன்று நம் கைப்பேசி, பறக்கும் புறாவையும் நொடியில் பிடித்துவிடுகிறது. கருவியின் குறை நீங்கிய பின்னும் கண்ணின் பழக்கம் நீங்கவில்லை.

அப்பழக்கத்தால் நாம் இழந்தவை எவை? சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் வண்டி 1953இல் நின்றது. மனிதரை மனிதர் இழுத்த கை ரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது. அதன் ஒழிப்பு கொண்டாடத்தக்கது, அதை இழுத்தோரின் வாழ்வு நினைவில் நிற்கத்தக்கது. பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகுகள் சென்ற காலம் ஒன்று இருந்தது. இன்று அதே நீர்வழியில் பறக்கும் ரயிலின் தூண்கள் ஊன்றி நிற்கின்றன. 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. இவை யாவும் பல தலைமுறையினரின் அன்றாடமாக இருந்தவை. மூர் மார்க்கெட்டின் முகப்பு எவ்வாறு இருந்தது என்பதை எளிதில் அறிந்துகொள்ளலாம். பழைய நூல்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன, பேரம் பேசியவர் எங்கே அமர்ந்தார், டிராமில் கூட்டம் மிகுந்தால் பெண்கள் எங்கே நின்றனர் என்பன போன்ற வினாக்களுக்கு முகப்புப் படம் விடை கூறாது.

இதற்கு மாறாக நடந்துகொண்ட ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். பாரிசு நகரில் வாழ்ந்த யூஜின் அட்ஜே, சுமார் முப்பது ஆண்டுகள் கனமான மரக் கேமராவைச் சுமந்து தெருத்தெருவாக அலைந்தவர். கடை முகப்புகள், கந்தல் பொறுக்குவோர், தெரு வணிகர், படிக்கட்டுகள், கதவுப்பிடிகள் ஆகியவையே அவருடைய பொருள்கள். குதிரை வண்டிகள் மோட்டார் ஊர்திகளுக்கு வழிவிட்ட காலத்தில், அந்நகரின் வண்டிகளை மட்டும் தனித்தொகுப்பாக எடுத்து வைத்தார். ஓவியர்களுக்கு உதவும் ஆவணங்கள் என்றே தம் படங்களை விற்றார். கலை என்று பெருமை பேசவில்லை. 1927இல் அவர் மறைந்த பின், பெரனிஸ் அபாட் என்னும் அமெரிக்கப் பெண் கலைஞர் அவற்றைக் காப்பாற்றி உலகறியச் செய்தார். பின்னர் அபாட், 1930களில் மாறிக்கொண்டிருந்த நியூயார்க் நகரைத் தாமே படமெடுத்ததும் அதே வழியில்தான்.

அழகிய கட்டடத்தின் முன் ஒழுங்கற்ற கம்பிகளும் விளம்பரத் தட்டிகளும் நின்றால் படம் கெடாதா என்று கேட்பர். கெடலாம். கட்டடக்கலை பயில்வோர்க்குத் தூய படமும் தேவைதான். ஆனால் எல்லாரும் அத்தூய படத்தையே எடுக்க வேண்டியதில்லையே! 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை ஒருவர் எடுக்கட்டும். அதன் வாயிலில் நிற்கும் மீன்பாடி வண்டியை இன்னொருவர் எடுக்கட்டும். தம்புச் செட்டித் தெருவில் பழைய வீடொன்றின் மரத்தூண்களுக்கு இடையே இன்று நகலெடுக்கும் கடை நடக்குமானால், தூணையும் கடையையும் ஒரே படத்தில் காட்டுவதுதான் உண்மை. பழைமை அங்கே காட்சிப்பொருளாக இல்லை, வாடகைக்கு விடப்பட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

மக்களைப் படமெடுக்கும்போது இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. மூட்டை சுமப்பவரின் வியர்வையும் நடைபாதையில் உறங்குபவரின் களைப்பும் சிலருக்கு நல்ல காட்சிகளாகத் தோன்றுகின்றன. கேட்காமல் எடுத்துச் செல்வது, அவர் உழைப்பிலிருந்து இன்னொரு கூலியைப் பறிப்பதற்கு ஒப்பாகும். “எடுக்கலாமா, ஐயா?” என்று கேட்பதற்கு அரை நொடி போதும். அவர் மறுத்தால் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும். இசைந்தால், அவர் பெயரையும் தொழிலையும் கேட்டு, எடுத்ததை அவருக்குக் காட்ட வேண்டும். தம் வண்டியின் பூட்டைப் பற்றியோ பாரம் கட்டும் முறையைப் பற்றியோ அவர் சொல்லத் தொடங்குவார். அச்செய்தி படத்தைவிட அரிதானதாகவும் இருக்கக்கூடும்.

பெயரும் நாளும் இல்லாத படம் பேசாது. கைப்பேசி தானே நாளைக் குறித்துவிடும் என்பர். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு அனுப்பப்படும்போது அக்குறிப்பு பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. ஆகவே இடம், நாள், நேரம், பேருந்தாயின் தடத்தின் எண், கடையாயின் அதன் பெயர் ஆகியவற்றைத் தனியே எழுதிவைப்பது நன்று.

எழுதும் பணியை மாணவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். அலமாரியில் கிடக்கும் பழைய படங்களில் உறவினர்களின் முகங்களைத்தான் இதுவரை பார்த்திருப்போம். அவர்களுக்குப் பின்னால் ஒரு கடைப்பலகையோ மாடிப்பேருந்தோ நாம் அறியாத தெருமுனையோ தெரியக்கூடும். அது எந்த இடம் என்பதைத் தாத்தாவோ பாட்டியோ இன்று சொல்லக்கூடும். கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதுக. பேனா மை ஊறி முன்பக்கம் கறைபடும்.